எல்லா முகங்களும் சார்ல்ஸ்டன் இல்லை

நூறு வருஷத்துக்கு முன்னால் ஹவானாவில் யாரோ சிகரெட் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஒரு சின்ன அட்டை இருந்தது. அதில் தொப்பி போட்ட ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். அவர் பெயர் நமக்குத் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? ஒன்றும் போகாது. ஆனால் தெரியாத பெயரைத் தெரிந்ததாகச் சொன்னால் ஒரு மனிதர் போய்விடுகிறார். இந்தக் கட்டுரை அவருக்காக. கூடவே, அவரைக் காணாமல் அடிக்கும் ஒரு பழக்கத்துக்கு எதிராக. அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிகரெட் அட்டை என்றால் பேஸ்பால் ரசிகர்களுக்கு உடனே ஞாபகம் வருவது அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை வந்த டி206 வரிசையும் அதில் வரும் ஹோனஸ் வாக்னரும்தான். கோடிகளில் விற்கும் அட்டை. அந்த வரிசையில் ஆளை அடையாளம் காண்பதில் பெரிய சிரமமில்லை. படத்துக்குக் கீழேயே பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். அந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அமெரிக்கப் பெரிய லீகுகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை, ஆகவே அட்டையிலும் இல்லை.

அதே வருடங்களில் கியூபாவில் கதை வேறு. அங்கே 1900இலிருந்தே கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே லீகில் ஆடினார்கள். குளிர்காலத்தில் அமெரிக்கக் கறுப்பு ஆட்டக்காரர்கள் கப்பலேறி ஹவானாவுக்கு வந்து ஆடினார்கள். அமெரிக்க வெள்ளை அணிகளும் சீசன் முடிந்ததும் காசுக்காக வந்து மோதிவிட்டு, பலமுறை தோற்றுவிட்டுப் போயின. 1908இல் ஹோசே மெண்டெஸ் என்ற கறுப்புப் பந்துவீச்சாளர் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு எதிராகத் தொடர்ந்து 25 இன்னிங்ஸ் ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் டெட்ராய்ட் டைகர்ஸ் வந்தபோது யூஸ்டாகியோ பெட்ரோசோ 11 இன்னிங்ஸில் ஒரு ஹிட் கூட விடவில்லை. அந்த 1909இல்தான் கபான்யாஸ் சிகரெட் அட்டைகள் வந்தன, அடுத்து 1910இல் பஞ்ச். பிறகு 1923-24 சீசனில் பில்லிகன், தோமாஸ் குத்தியெரஸ். அமெரிக்காவின் ஆகச் சிறந்த கறுப்பு ஆட்டக்காரர்கள் சிலருக்கு, ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அட்டை என்று ஒன்று வந்தது இந்தத் தீவில்தான்.

இங்கேதான் சிக்கல். இந்த அட்டைகள் பலவற்றில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். மூலை மடங்கி, ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்து, அதுவும் போயிருக்கும். 'கோன்சாலஸ்' என்று ஒரு அட்டை கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். எந்த கோன்சாலஸ்? ஹெர்வாசியோ கோன்சாலஸ் என்று ஒருவர் இருந்தார், பட்டப்பெயர் 'ஸ்ட்ரைக்', அல்மெண்டாரஸ் அணியின் கேட்சர். வாலெண்டின் கோன்சாலஸ் என்று இன்னொருவர், பட்டப்பெயர் 'சிரிக்கே'. மூன்றாமவர் மிகேல் ஆங்ஹெல் கோன்சாலஸ். இவரும் கேட்சர். இவர் அமெரிக்காவுக்குப் போய் மைக் கோன்சாலஸ் ஆனார், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பல வருடம் ஆடினார். கேட்சர் கவசத்தோடு ஒரு கோன்சாலஸைப் பார்த்ததும் அமெரிக்கச் சேகரிப்பாளரின் மனம் யார் பக்கம் சாயும்? அவர் ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயரின் பக்கம்தான். மெண்டெஸின் பந்துகளைப் பிடித்த 'ஸ்ட்ரைக்' அந்தச் சாய்வில் உருண்டு கீழே விழுந்துவிடுவார்.

சாய்வுக்குக் காசும் ஒரு காரணம். அட்டைச் சேகரிப்பு உலகத்தில் 'காமன்' என்று ஒரு சொல் உண்டு. நட்சத்திரம் அல்லாத ஆட்டக்காரரின் அட்டை என்று அர்த்தம். மனுஷனை 'காமன்' என்று சொல்லிவிட்டு விலை போடுவது எனக்கு என்றுமே குமட்டலாக இருக்கும், அது கிடக்கட்டும். காமனுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் விலை ஏணி வைத்தாலும் எட்டாது. பெயர் அழிந்த அட்டையில் ஒரு திடகாத்திரமான கறுப்பு ஆட்டக்காரர் தெரிந்தால் போதும், அவர் ஆஸ்கர் சார்ல்ஸ்டனாக இருக்கலாம் என்று ஒரு கிசுகிசு கிளம்பும். இருக்கலாம் என்பது இரண்டு கை மாறுவதற்குள் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

சார்ல்ஸ்டன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 1923-24 சீசனில் அவர் ஆடிய சாந்தா கிளாரா அணி கியூப வரலாற்றிலேயே சிறந்த அணி என்று சொல்பவர்கள் பலர். பதினொன்றரை ஆட்ட முன்னிலையில் இருந்தபோது, இதற்கு மேல் போட்டி என்ன இருக்கிறது என்று சீசனையே பாதியில் முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சீசனில் அதிக பேட்டிங் சராசரி வைத்திருந்தவர் சார்ல்ஸ்டன் அல்ல, அதே அணியின் ஆலிவர் மார்செல். .393. அவர் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. என்னை யாராவது மார்செலின் முகம் என்று எதையாவது காட்டி ஏமாற்ற வந்திருக்கிறார்களா என்றால், இதுவரை ஒருத்தர் கூட வரவில்லை.

இப்போது என் பங்கு. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இரண்டு வருடம் முன்னால் ஒரு சனிக்கிழமை, பெயர்ப்பகுதி கிழிந்துபோன ஒரு கியூப அட்டையின் ஸ்கேன் கிடைத்தது. இணையத்தில் கிடைத்த பழைய ஆட்டக்காரர்களின் புகைப்படங்களைச் சேகரித்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு முக ஒப்பீட்டு மாடலை வைத்து ஓட்டினேன். சார்ல்ஸ்டன், 0.81. துள்ளிக் குதித்தேன். நாலு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர், வயதானவர், நிதானமானவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, கையுறை எந்தக் கையில் இருக்கு?"

இடது கையில் இருந்தது. பேஸ்பாலில் எந்தக் கையால் எறிவார்களோ அதற்கு எதிர்க் கையில்தான் கையுறை. அட்டையில் இருந்தவர் வலது கையால் எறிபவர். சார்ல்ஸ்டன் இடதுகைக்காரர். படம் புரண்டிருக்கலாமே என்று வாதாடிப் பார்த்தேன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடிப்பது நடக்கிறதுதான், 1957 டாப்ஸ் அட்டையில் ஹாங்க் ஆரோன் இடதுகைக்காரராக நிற்கிறார். ஆனால் என்னுடைய ஆளின் சட்டையிலிருந்த எழுத்துகள் நேராக இருந்தன. முடிந்தது கதை. சின்னப் பையன் கூடப் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய விஷயத்தை 0.81 மறைத்துவிட்டது.

அந்த எண் ஏன் பொய் சொன்னது என்பதுதான் நான் நண்பர்களோடு சண்டை போடும் இடம். எண் பொய் சொல்லவில்லை, என் கேள்விதான் பொய். முக ஒப்பீட்டு மாடல் ஒரு முகத்தைச் சில நூறு எண்களாக மாற்றும். பிறகு, உங்களிடம் இருக்கும் படங்களில் எது மிக அருகில் இருக்கிறது என்று தேடும். அருகில் இருப்பது ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். நீங்கள் தேடும் ஆள் அந்தக் கூட்டத்திலேயே இல்லாவிட்டாலும் இருக்கும். என் கூட்டத்தில் இருந்தது யார்? பலமுறை படம் எடுக்கப்பட்டவர்கள். அதாவது நட்சத்திரங்கள். வாழ்நாளில் இரண்டு தரம் மட்டும் படமெடுக்கப்பட்டு, அதில் ஒன்று தொலைந்து, இன்னொன்று இந்த அட்டையாகவே மிஞ்சிய ஒரு ஷார்ட்ஸ்டாப்பை எந்த மாடலும் கண்டுபிடிக்க முடியாது. அவரோடு ஒப்பிட அவர் மட்டும்தான் இருக்கிறார். ஆக, இந்த முறையைக் கட்டற்று ஓட்டினால் அது ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும்: தெரியாதவர்களைத் தெரிந்தவர்களாக மாற்றும்.

இதற்கு மேல் நிறம் வேறு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் கறுப்பு, ஆசிய முகங்களில் தவறான பொருத்தம் காட்டுவது வெள்ளை முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். அது நல்ல வெளிச்சத்தில் எடுத்த இன்றைய படங்களில். இங்கே இருப்பதோ தொப்பி நிழல் விழுந்த, விரல் நகம் அளவுகூட இல்லாத, மங்கிய ஒரு முகம்.

"தப்பா இருந்தா பிறகு திருத்திக்கலாமே, பெயரே போடாம விட்டா யாரும் தேடவே மாட்டாங்க" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் போட்ட பிறகு யார் தேடுகிறார்கள்? பீட் ஹில் என்ற மாபெரும் ஆட்டக்காரர், ஹவானாவிலும் ஆடியவர், 2006இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். வெண்கலப் பலகையில் ஜோசப் பிரெஸ்டன் ஹில் என்று பொறித்தார்கள். அவர் பெயர் ஜான். திருத்திய பலகை வைக்க 2010 ஆனது. உலகமே வந்து பார்க்கும் சுவரில், ஆராய்ச்சியாளர்கள் துரத்தியும், நான்கு வருடம். ஒரு தனியாரின் அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் அட்டைக்கு எத்தனை வருடம்?

தவறுகளிலும் ஜாதி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டி206இல் ஜோ டாய்ல் என்பவரை லாரி டாய்லோடு குழப்பி, ஆடாத லீகின் பெயரை அச்சடித்துவிட்டார்கள். அந்தப் பிழையுள்ள அட்டைக்கு இன்று பெரும் விலை, ஏனென்றால் சரியான ஜோ டாய்ல் யார் என்று எல்லாருக்கும் தெரியும். 1969இல் டாப்ஸ் நிறுவனம் மெக்சிகோக்காரரான ஆரேலியோ ரோட்ரிகஸின் அட்டையில் அணியின் மட்டை எடுத்துக்கொடுக்கும் பையனின் படத்தைப் போட்டது. ஆள் உயிரோடு இருக்கும்போதே, வண்ணப் புகைப்படக் காலத்திலேயே, இவ்வளவுதான் கவனம். அவருக்காவது அடுத்தடுத்த வருடங்களில் வேறு அட்டைகள் வந்தன. 1909 ஹவானாவில் ஒரே ஒரு தரம் அட்டையில் வந்துபோனவருக்கு அந்த வசதி கிடையாது.

அப்படியானால் அடையாளமே காணக்கூடாதா? காணலாம், முகத்திலிருந்து தொடங்காமல். அட்டை எந்த வரிசை, எந்த சீசன் என்று முதலில். பிறகு அந்தச் சீசனின் அணிப்பட்டியல். ஹோர்ஹே ஃபிகரெடோ கியூப லீகின் புள்ளிவிவரங்களைத் தொகுத்த தடித்த புத்தகம் இருக்கிறது. கேரி ஆஷ்வில் போன்றவர்கள் உழைத்து 2011இல் தொடங்கிய சீம்ஹெட்ஸ் தரவுத்தளம் இருக்கிறது. 'தியாரியோ தெ லா மரீனா' என்ற ஹவானா நாளிதழின் பழைய பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. கப்பல் பயணிகள் பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றில் வயதும் ஊரும் இருக்கும். ஸ்பானிஷ் வழக்கப்படி தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு குடும்பப் பெயர்கள், அவற்றில் எதை எந்தப் பத்திரிகை விட்டது என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து இரண்டு மூன்று பேர் மிஞ்சும்போது முகத்துக்கு வரலாம். அப்போதும் கண்ணையும் மூக்கையும் விட காதைப் பாருங்கள். வளர்ந்த பிறகு காதின் வடிவம் அதிகம் மாறாது, தொப்பியும் அதை மறைக்காது. காதால் 'இவர் இல்லை' என்று நிறையச் சொல்ல முடியும். 'இவர்தான்' என்று சொல்வது அபூர்வம். 'இல்லை' என்பதுவும் ஒரு விடைதானே.

இது சலிப்பான வேலை. ஸ்பானிஷ் எனக்கு அரைகுறை. ஆட்ட விவரங்கள் பொடி எழுத்தில், மை பரவி, பாதிப் பெயர்கள் தப்பாக இருக்கும். மாடலை ஓட்ட நாலு நிமிஷம் ஆனது. இதில் ஒரு சீசனைப் படிக்க எனக்கு நாலு மாதம் ஆகலாம்.

அந்த அட்டைக்கு என் பட்டியலில் இப்போது இருக்கும் வரி இது: பெயர் தெரியவில்லை. வலது கை எறிபவர். சார்ல்ஸ்டன் அல்ல, டோரியெண்டே அல்ல, ஓம்ஸ் அல்ல. அவர்கள் மூவரும் இடதுகைக்காரர்கள், ஆகவே இந்தப் பகுதி மட்டும் உறுதி. 1923 டிசம்பர் நாளிதழ்களிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அட்டை அந்தச் சீசனுடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. இல்லாவிட்டால் 1922க்குப் போக வேண்டும்.