ஓதம் வடியும் வரை

2004 டிசம்பர் 26-ஆம் தேதி நிகழ்ந்த பூகம்பம், நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனையை நாலு மீட்டருக்கு மேல் தாழ்த்தி, அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடியைச் சமுத்திரத்துக்குத் தாரை வார்த்ததைப் பலரும் அறிவர். ஆனால் போர்ட் பிளேர் வட்டாரமும் அன்றே ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்து, சிப்பிகாட்டில் நெல் நின்ற வயல்களில் உப்புநீர் குடியேறியதை அத்தனை பேர் அறியார். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று நாமகரணம் பெற்ற அந்நகரைச் சூழ்ந்த தாழ்நிலச் சாலைகளில், அமாவாசை அல்லது பௌர்ணமி ஓதமும் அடைமழையும் ஒரே வேளையில் கூடுமாயின், சாலை எது, கடல் எது என்று பிரித்தறிவது பிரயாசையாகிவிடும்.

அத்தகைய நீரில் வண்டியை இறக்குவோர் என்ஜினுக்காகக் கவலைப்படுகிறார்களேயன்றி, அதன் கீழே புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் விரலளவான ஆக்ஸிஜன் சென்சாரை நினைப்பதில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் ஆறு விதி தேசமெங்கும் அமலுக்கு வந்தபின், கார்களில் மட்டுமன்றி ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவற்றில் இக்கருவி இடம்பெற்றுவிட்டது. புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவை அளந்து, எவ்வளவு பெட்ரோல் செலுத்தலாம் என்று கணினிக்கு உரைப்பது இதன் தொழில். இதனுள் இருக்கும் பீங்கான், முந்நூறு டிகிரிக்கு மேல் காய்ந்தாலொழிய வேலை செய்யாது. எரிகின்ற அரிக்கேன் விளக்கின் சிம்னியில் ஒரு சொட்டு மழைநீர் பட்டதும் 'படக்'கென்று விரிசல் விடுவதைப் பார்த்தவர்களுக்கு, சுடுகின்ற குழாய் குளிர்ந்த நீரில் அமிழும்போது அப்பீங்கானுக்கு நேரக்கூடியதைத் தனியே விவரிக்க வேண்டியதில்லை.

மழைவெள்ளத்தினும் கடல்வெள்ளம் கொடியது. அன்றே பழுதாகாமல் தப்பிய சென்சாரின் கனெக்டரைச் சில வாரம் கழித்துக் கழற்றினால், பித்தளை முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கும். பிறகு செக் என்ஜின் விளக்கு அணையாமல் எரியும், பெட்ரோல் வீணாகும், புகை கறுக்கும், காலப்போக்கில், சென்சாரைவிடப் பன்மடங்கு விலையுள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். மாற்றுக் கருவியோ ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடலைத் தாண்டிச் சென்னையிலிருந்து வரவேண்டியிருக்கலாம். "கப்பல் வரட்டும்" என்பதே அப்போது மெக்கானிக் சொல்லும் மருந்து.

இதற்குப் பரிகாரம் யாது? உறை, பசை என்று விற்கப்படுபவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. குழாயின் உஷ்ணத்தில் உறை கருகும், கண்ட பசையைத் தடவினால் கருவியே பிழையாக அளக்கும். சிறந்த காவல் பொறுமைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகளை ஏற்றி நிறுத்திய சென்னைவாசிகளுக்கு, தண்ணீர் எப்போது வடியும் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. தீவுவாசிக்கோ அந்தப் பாக்கியம் உண்டு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரந்தான். சாலையை மூடிய ஓதம் அதற்கும் முன்னரே விலகத் தொடங்கிவிடும். அந்த நேரக் கணக்கையும் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் அட்டவணையாக அச்சிட்டே தருகிறது.

தவிர்க்க முடியாமல் இறங்க நேர்ந்தவர், தாழ்ந்த கியரில் சீராகச் செல்க. நடுவே என்ஜின் நின்றால் மறுபடி முடுக்காதீர். கரை சேர்ந்தபின் குழாய் நன்கு ஆறிய பிறகே நன்னீரால் கழுவுக.

நிர்வாகம் செய்யவேண்டியதும் சொற்பமே. அச்சிட்ட அட்டவணை அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை. ஓதம் ஏறும் ஒவ்வொரு சாலையின் இரு முனையிலும், புகைக்குழாயின் உயரத்தில் சிவப்புக் கோடிட்ட அளவுக்கம்பம் ஒன்றும், அன்றைய ஏற்ற வற்ற நேரங்களைச் சுண்ணக்கட்டியால் எழுதிய கரும்பலகை ஒன்றும் நிற்கட்டும். எத்தனை நேரம் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்துவிட்டால், மனிதன் காத்திருப்பான்; தெரியாதபோதுதான் அவன் தண்ணீரில் இறங்குகிறான்.