பல்லுக்கு விசா உண்டா?

என் சித்தி பையன் ரகுவுக்குச் சிரிப்பு வந்தால், உதட்டுக்கு முன்னால் வலது கை வந்துவிடும். மேல் வரிசைப் பற்கள் கொஞ்சம் முந்திரிக்கொட்டை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதினால், சித்தி எனக்குக் காபி தரமாட்டாள்.

27 வயதில், சொந்தச் சம்பளத்தில் க்ளிப் போட்டுக்கொண்டான். இடம் வேண்டுமென்று நாலு பல்லை எடுத்தார் டாக்டரம்மா. எட்டாவது மாசம், டொராண்டோ வேலைக்கு விசா வந்துவிட்டது. 40 நாளில் கிளம்பணும்.

"கழட்டிப் போட்டுட்டுக் கிளம்பிடவாண்ணா?" என்றான். கை வாயை விட்டு இறங்கவில்லை.

துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"விசாவுக்கு எப்ப அப்ளை பண்ணீங்க?"

"க்ளிப் போடறதுக்கு முன்னாடியே டாக்டர். கண்ணு பட்டுடும், யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டாங்க அம்மா."

"முதல் நாளே சொல்லியிருந்தா பல்லை எடுக்காமக் காத்திருந்திருக்கலாமேப்பா..."

க்ளிப் என்பது சட்டை மாதிரி மாட்டிக் கழற்றுகிற சமாச்சாரம் இல்லை சார். கம்பி அழுத்துகிற பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு வளர்ந்து, பல் மெள்ள நகர்கிறது. மாசத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நம் ஆபீஸ் ஃபைல் தேவலை! பல் எடுத்த இடமோ ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் இருக்கும். 4 முதல் 6 வாரத்துக்கொரு தடவை ஆஜராகி, பொதுவாக ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும். பாதியில் கழற்றினால் பற்கள் பழைய இடத்தைப் பார்த்து நடையைக் கட்டும். மூடாத சந்து பல்லிளிக்கும்.

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு 'ஒர்க்-இன்-ப்ராக்ரஸ்' ஞாபகம் வந்தது. பாதி முடிந்த சரக்கு. அதை வாங்கிக்கொள்ள யாருமே யோசிப்பார்கள். அந்த ஊர் டாக்டர்களிலும் சிலர் அடுத்தவர் ஆரம்பித்த கேஸைத் தொடமாட்டார்கள். தொட்டால் புது பில். ஒன்டாரியோ அரசுக் காப்பீட்டில் இதற்குக் காசு கிடையாது. கம்பெனி இன்ஷூரன்ஸ் பாதி சிகிச்சைக்குக் கொடுக்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கணும். டாக்டரம்மா உட்கார்ந்து எழுதித் தந்தார். ஆரம்பத்திலும் இப்போதும் எடுத்த எக்ஸ்ரே, போட்டோ, பிளாஸ்டர் மாடல். எந்தப் பல்லை ஏன் எடுத்தார். என்ன பிராக்கெட், கம்பி உட்காரும் பள்ளம் 0.018 அங்குலமா, 0.022 அங்குலமா (அடுத்த கம்பியை அதைப் பார்த்துத்தான் போடுவார்களாம்). என்ன வேலை பாக்கி, கட்டிய பணம் எவ்வளவு. செய்யாத வேலைக்கான பணத்தையும் திருப்பித் தந்தார். "இங்கேருந்தே அங்கே ஒரு டாக்டரைப் பிடிச்சு, இதையெல்லாம் அனுப்பிட்டுக் கிளம்புங்க" என்றார்.

"ஏர்போர்ட்ல 'பீப்' அடிக்குமாண்ணா?"

"சாதாரணமா அடிக்காதுடா. நீ வாயை மூடாம இரு!"

கிளம்புகிற அன்று சித்தி ஆவக்காய் பாட்டிலைக் கைப்பையில் திணித்தாள். எடுத்துப் பெட்டியில் போட்டேன். "கைல பல் மாடல் போகட்டும் சித்தி. ஊறுகா உடைஞ்சா வேற போட்டுக்கலாம்."

டொராண்டோவில் முதல் டாக்டர் மாட்டேனென்றார். ரெண்டாமவர் ஃபைலை முழுக்கப் படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பல்லைவிட பில்தான் வலித்ததாம். எல்லாம் முடிந்தபின் ரீட்டெய்னர் வேறு ஒழுங்காகப் போடணும், இல்லாவிட்டால் பல் திரும்ப ஊர்சுற்றக் கிளம்பிவிடும்.

வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கிறீர்களா? மாமாவிடம் மறையுங்கள், மேனேஜரிடம் மறையுங்கள். பல் டாக்டரிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் கண்ணு படாது.

போன வாரம் வீடியோவில் ரகு வந்தான். சித்தி ஏதோ சொல்ல, கம்பியெல்லாம் பளபளக்கச் சிரித்தான். வலது கை எங்கே என்று தேடினேன். காபி கப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.