எந்த போன் வாங்கலாம் சார்?



தீபாவளித் தள்ளுபடி நெருங்கினால் எனக்கு வருகிற மெசேஜ் எல்லாம் இந்த ஒரே கேள்விதான். இயற்பியல் வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் உங்களுக்குப் போகவில்லை. தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, ஆகவே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

இந்த மாடலை வாங்கு என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். என் கட்சி இதுதான்: பேச்சு, வாட்ஸ்அப், ஜிபே, போட்டோ, ரயில் டிக்கெட் என்று ஓடுகிற குடும்பத்துக்கு 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் ஒரு போன் போதும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் போன் இரண்டு வருடத்தில் திணறினால் வருடத்துக்கு 5,000 செலவு. 24,000 ரூபாய் போன் ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 4,800. 80,000 ரூபாய் போனை வட்டியே இல்லாமல் 24 மாதத் தவணையில் எடுத்தாலும் மாதம் 3,333 ரூபாய். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிற பையன்களும் இதைக் கேட்கிறார்கள். தம்பி, அது வீட்டு வாடகையில் பாதி.

ஐந்து வருடம் உழைக்குமா என்பது கேமராவைப் பார்த்தால் தெரியாது. எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள் என்று பாருங்கள். 2024-இல் வந்த சாம்சங் ஏ35, ஏ55 இரண்டுக்கும் 5 வருடம் என்றார்கள். 2025-இல் வந்த ஏ36, ஏ56 இரண்டுக்கும் 6 வருடம் என்றார்கள். நடுத்தர விலையிலேயே இது கிடைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த வருடக் கணக்கு நீங்கள் பில் போட்ட நாளில் தொடங்குவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்தபோதே தொடங்கிவிடுகிறது. நான்கு வருட அப்டேட் உள்ள போனை, அது வந்து இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் கையில் மிச்சம் இரண்டே வருடம். தள்ளுபடி கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வது உங்கள் அப்பா அம்மாவுக்காக. சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் புதுப் போன் வாங்கியதும் பழையதை ஊருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். "அம்மாவுக்கு எதுக்குப் பெரிய போன், பேசத்தானே?" அம்மா பேச மட்டுமா செய்கிறார்? பேங்க் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வருகிறது. கேஸ் பதிவு, கரண்ட் பில், பேரனுக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதில்தான். எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று கொடுப்பதும் அதில்தான். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அப்டேட் நின்றுபோன ஒரு போனை நம்பி இருக்கிறது. நீங்கள் தூக்கிப்போட்டதை அவர்கள் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்களுக்கு 60,000, அவர்களுக்குப் பழசு என்பதை விட இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு 25,000 ரூபாய் போன் வாங்கலாம். 10,000 மிச்சம்.

பெரியவர்களுக்கு வாங்கும்போது வேறு சிலதையும் பாருங்கள். வெயிலில் வாசலில் நின்று திரை தெரிகிறதா? ஸ்பீக்கர் சத்தம் போதுமா? கை வலிக்காத எடையா? வயதான, காய்ந்த விரலின் ரேகையைத் திரைக்குள் இருக்கும் சென்சார் பல நேரம் படிக்காது. கடையிலேயே அவர்கள் விரலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம். "50 மெகாபிக்சல்" என்றால் வழக்கமாக நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி சுமார் 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. அது மோசடி இல்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில் நல்லதுதான். ஆனால் 108-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். கை நடுங்கினாலும் படம் கலங்காமலிருக்க ஓஐஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். "8 + 8 ஜிபி ரேம்" என்று எழுதியிருந்தால் இரண்டாவது எட்டு ஸ்டோரேஜிலிருந்து எடுத்த கைமாற்று. அசல் எட்டு ஜிபி போதும். ஸ்டோரேஜ் 128-க்கும் 256-க்கும் விலை வித்தியாசம் இரண்டாயிரம் மூவாயிரம் என்றால் 256 எடுங்கள். நம் குடும்பக் குரூப்களின் காலை வணக்கத்துக்கே பாதி போய்விடும்.

பேட்டரி எந்தப் போனிலும் தேயும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி இருக்கிறது. 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும். தினம் ஒரு முறை என்றால் 800 என்பது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். ஆகவே மூன்றாவது வருடம் சார்ஜ் நிற்கவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், போனை அல்ல. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், சூடுதான் அதற்கு எமன்.

சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்னால் விசாரியுங்கள். பட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு ஒரு டிஸ்ப்ளே மாற்றத் தஞ்சாவூருக்கு இரண்டு தடவை பஸ் ஏறுவது பெரியவர்களால் ஆகாது. அவரவர் ஊரில் எந்தக் கம்பெனிக்கு ஒழுங்கான சென்டர் இருக்கிறது, பேட்டரி மாற்ற எவ்வளவு வாங்கினார்கள் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். ஊர் பெயரோடு எழுதுங்கள்.