பெயரும் கணக்கும்

காரைக்கால்வாசிகளுக்குப் பெயர் மாற்றம் புதிய விஷயமன்று. பிரெஞ்சு ஆட்சியில், 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி, ஜாதி குல வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பியவர், அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டுப் புதிய குடும்பப் பெயரொன்றைப் பதிந்து கொண்டார். மனைவியும் மைனர் குழந்தைகளும் அதில் அடக்கம். மீள வழி கிடையாது. பின்னர் 1962 ஆகஸ்டு 16-ல் இப்பிரதேசம் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோதும், பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியோர் ஆறு மாதத்திற்குள் அதை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனை இராத்திரிகள் திண்ணையில் யோசித்திருப்பார்கள்!

இன்றைய மாணவர்களுக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் பலருக்கு இரண்டு பெயர்கள்: பாரிஸிலுள்ள மாமாவும் அத்தையும் பார்க்க ஒன்று, தோழர்களுக்கென்று ஒன்று. இதில் நாம் குற்றம் காணவில்லை. தகப்பனார் முன் ஒரு விதமாகவும், தோழர் முன் வேறு விதமாகவும் பேசாத வாலிபர் எந்தக் காலத்தில் இருந்தனர்?

நம் கவலையெல்லாம் அந்த எண்ணிக்கையைப் பற்றியதே. பேஸ்புக் நிறுவனம் 2009-ல் ‘லைக்’ குறியைப் புகுத்தியது முதல், பிள்ளைகள் தம் முகத்தின் கீழேயே பிறர் மதிப்பெண்ணைப் படிக்கிறார்கள். மாணவியொருத்தி தான் போட்ட படத்தை அரைமணியில் நீக்கிவிட்டாள். ஏனென்று கேட்டோம். “யாருக்கும் பிடிக்கலே, ஸார்” என்றாள். தனக்குப் பிடித்ததா என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. 2021-ல் வெளிப்பட்ட அந்நிறுவனத்தின் சொந்த ஆராய்ச்சியிலேயே, தம் உடலழகைப் பற்றி மனங்குன்றியிருந்த இளம் பெண்களில் 100-க்கு 32 பேர், இன்ஸ்டாகிராம் அக்குறையை வளர்த்ததாகச் சொல்லியிருந்தனர். தனிமையில் அது துணையாயிற்று என்றோரும் உண்டு; அதையும் மறைக்கலாகாது.

இவ்வூர்ப் புனிதவதியாரோ, காண்போர் மெச்சும் அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்கிறது பெரிய புராணம். தம் பாடல்களிலும் காரைக்கால் பேய் என்றே தம்மைக் குறித்துக் கொண்டார். அத்தனை துணிவைப் பதினைந்து வயதுக் குழந்தைகளிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆயினும், வரும் ஆனி மாத மாங்கனித் திருவிழாவுக்குக் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் சென்று, கண்டதை ஒரு பக்கம் எழுதி வரும்படி ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறோம். “எழுதினா யார் படிப்பாங்க, ஸார்?” என்று உடனே ஒரு கேள்வி எழுந்தது. நாம் படிப்போம் என்றோம். ஒரே ஒரு வாசகர்தானா என்று பையன் யோசிக்கிறான்.