வரவு வைக்க முடியாத கடன்

நான் பி.காம். படித்தவன். ஒரு கணக்கு பாதியில் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. அப்படி ஒன்று ரொம்ப வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்தது. என் காலேஜ் ஃபீஸ் மூன்று வருஷமும் கட்டியவர் தாய்மாமா. போன மாதம் ஒரு கவரில் பத்தாயிரம் ரூபாய் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

மாமா கவரைப் பிரிக்கக்கூட இல்லை.

"என்னடா இது? கணக்கு முடிக்க வந்தியா? நான் என்ன வட்டிக்கடையா வெச்சிருக்கேன்?"

காபி கொடுத்தார். கவரையும் திருப்பிக் கொடுத்தார். காபி நன்றாக இருந்தது. கணக்கு அப்படியே இருந்தது.

இதே தர்மசங்கடத்தில் ஒரு தேசமே மாட்டிக்கொண்டு முழித்ததுண்டு, தெரியுமோ? ஜெர்மனி!

1945-ல் யுத்தம் முடிந்தபோது அந்த ஊர் வெறும் செங்கல் குவியல். 1947-ல் அமெரிக்க மந்திரி மார்ஷல், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேசப் போன இடத்தில், ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த உதவி செய்வோம் என்றார். நாலைந்து வருஷத்தில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போன தொகை சுமார் 1,300 கோடி டாலர். அதில் தோற்றுப்போன எதிரியான மேற்கு ஜெர்மனிக்கும் ஒரு பங்கு!

கால் நூற்றாண்டு போயிற்று. மேற்கு ஜெர்மனி இப்போது வசதியான வீடு. நன்றி சொல்லணுமே, எப்படி? பணக்கார அமெரிக்காவிடம் கவரை நீட்டினால் என் மாமா சொன்னதைத்தான் அவர்களும் சொல்வார்கள்.

1972-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு ஒரு பரிசு! பிற்பாடு எல்லா நாட்டாருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டுக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். ஹம்போல்ட் ஆராய்ச்சி விருது என்று பெயர். ரொம்ப நாள் 60,000 யூரோவாக இருந்தது, இப்போது 80,000. பணத்தோடு ஓர் அழைப்பும் உண்டு. ஒரு வருஷம் வரைக்கும் ஜெர்மனியில் வந்து இருங்கள், பிடித்த வேலையை எங்கள் ஆட்களோடு சேர்ந்து செய்யுங்கள் என்று.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: இந்தப் பரிசுக்கு நாமே விண்ணப்பம் போட முடியாது! அங்கே இருக்கும் ஒரு விஞ்ஞானி, "இவரோடு சேர்ந்து வேலை செய்யணும்" என்று நம் பெயரைச் சொல்லணும். கேஸ் சிலிண்டருக்கே மூன்று ஜெராக்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான்.

சரி, யார் இந்த ஹம்போல்ட்? 1769-ல் பிறந்த பிரஷ்யப் பிரபு. அம்மா விட்டுப்போன சொத்தை எடுத்துக்கொண்டு 1799-ல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கூட்டாளி, போன்பிளான் என்ற பிரெஞ்சுக்காரர். ஐந்து வருஷம் காடு, மலை, ஆறு. திரும்பி வந்து, பார்த்ததையெல்லாம் படங்களோடு புத்தகமாகப் போட்டதில் மிச்ச சொத்தும் காலி. ஒரு பி.காம்.காரன் அந்த பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவான்.

ஆனால், கையில் இல்லாத நாளிலும் கொடுத்திருக்கிறார் மனுஷன். 1832-ல் பாரிஸில் அகாசி என்ற சுவிஸ் இளைஞன், காசில்லாமல் படிப்பைப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பவிருந்தான். ஹம்போல்ட் ஆயிரம் பிராங்க் அனுப்பி நிறுத்தினார். அந்தப் பையன் பிற்பாடு அமெரிக்கா போய்ப் பேராசிரியரானான். எங்கே தெரியுமா? மார்ஷல் பேசினாரே, அதே ஹார்வர்டில்!

நம்ம ஊருக்கு வரவும் அவருக்குக் கொள்ளை ஆசை. இமயமலையைப் பார்க்க அனுமதி கேட்டு லண்டனுக்கு நடையாய் நடந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி கடைசிவரை விடவில்லை. இவர் காலனி ஆட்சிகளைத் திட்டி எழுதியதுதான் காரணம் என்பார்கள்.

மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. பூமியின் காந்த சக்தியை உலகமெங்கும் ஒரே சமயத்தில் அளக்கணும், உங்கள் காலனிகளிலும் நிலையம் வையுங்கள் என்று 1836-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அது பலித்தது. 1840-களின் தொடக்கத்தில் சிம்லாவிலும் நம்ம மெட்ராஸிலும் காந்த ஆய்வு நிலையங்கள் வந்தன. வைத்தது யார்? அதே கம்பெனி! ஆளுக்குக் கதவைச் சாத்தியவர்கள், கடிதத்துக்குத் திறந்தார்கள்.

1859-ல், 89 வயதில் கண்ணை மூடினார். இருந்த கொஞ்சநஞ்சமும் வேலைக்காரருக்குப் போயிற்று. அடுத்த வருஷமே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை முளைத்தது. 1923 பணவீக்கம் அதன் முதலை விழுங்கியது. 1925-ல் மறுபடி எழுந்தது, 1945-ல் படுத்தது. 1953-ல் மூன்றாம் தடவை எழுந்தபோது தலைவர், நோபல் பரிசு வாங்கிய ஹைசன்பர்க். விருது கொடுப்பது இந்த அறக்கட்டளைதான்.

இதையெல்லாம் மாமாவுக்கு போன் போட்டு ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை ஃபீஸ் கட்டினது எங்க ஊர் தபால்காரர்டா. நான் திருப்பிக் கொடுக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். அதைத்தான் உனக்குக் கட்டினேன்."

அட! மூன்று வருஷம் நான் படித்தது முகம் தெரியாத ஒரு தபால்காரர் காசில். எந்த லெட்ஜரிலும் இதற்குப் பக்கம் கிடையாது.

கவர் இப்போது எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இருக்கிறது. அவர் பெண்ணுக்கு பி.எஸ்ஸி. பிசிக்ஸில் இடம் கிடைத்திருக்கிறது. வாங்கவே மாட்டேன் என்றவர், "தபால்காரர் கொடுத்தது" என்று முழுக்கதையும் சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ஜெர்மனி போவாளா?" என்று கேட்டாள் என் மனைவி.

"தெரியாது. அதுக்கு நாம விண்ணப்பம் போட முடியாது" என்றேன்.