கூரையைக் கட்டி வைப்போம்

2008ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஐராவதிக் கழிமுகத்தில் கரையேறிய நர்கிஸ் புயல், அன்றிரவும் மறுநாள் காலையும் யாங்கோன் நகரை உலுக்கியது. நாம் இரங்கூன் என்றே அழைத்துப் பழகிய அந்நகரில் முதிர்ந்த சாலை மரங்கள் வேரொடு சாய்ந்தன. மின்சாரமும் குழாய் நீரும் பல நாள் நின்றுபோயின. லைன்தாயா போன்ற புறநகர்ப் பகுதிகளில் எளியோர் இல்லங்களின் ஓலையும் தகரமும் காற்றோடு போயின. சுவர் நின்றும் கூரையின்றி மழையில் நனைந்த குடும்பங்கள் பல.

கூரை ஏன் முதலில் போகிறது? காற்று அதனைக் கீழே அழுத்துகிறது என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. சரிவின் மீது விரைந்து செல்லும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்று வீசும் பக்கத்துக் கதவோ சன்னலோ திறந்துகொண்டால், உட்புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளுகிறது. ஆகவே பாரம் ஏற்றுவதைவிட இறுகக் கட்டுவதே முறை.

தகரத்தை மரத்தோடு பிணைக்க வெறும் ஆணி போதாது. அது எளிதில் பிடுங்கிக்கொள்ளும். வாஷருடன் கூடிய கொக்கி போல்ட்டே தக்கது. உறிஞ்சும் விசை மிகுந்த ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் போல்ட்டுகளை நெருக்கமாக இடுக. அத்துடன் நில்லாது, கைமரத்தை உத்தரத்தோடும், உத்தரத்தைத் தூணோடும் இரும்புப் பட்டையாலோ முறுக்குக் கம்பியாலோ பிணைத்தல் வேண்டும். தூண் நிலத்தில் ஆழ ஊன்றியிருத்தலும் இன்றியமையாதது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி நெகிழ்ந்தாலும் மற்றவை பயன்படா. புதிதாகக் கட்டுவோர் நாற்புறமும் சரிந்த கூரையைத் தேர்ந்தால் காற்றை அது நன்கு தாங்கும்.

வீட்டின் மேல் சாய்ந்த கிளைகளை முன்னரே வெட்டிவிடுக. புயலின் நடுவே காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர். புயலின் கண் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். விடிந்தபின் அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. நர்கிஸில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டும் காணாமலும் போயினர். அவர்களுள் மிகப் பலரைக் கொண்டுபோனது கழிமுகத்தில் பொங்கிய கடல்நீரே. நீருக்கு எந்தக் கட்டும் ஈடாகாது. தாழ்நிலத்தில் வாழ்வோர் எச்சரிக்கை வந்தவுடன் வீட்டை விட்டு மேட்டுக்குச் செல்வதே அறிவுடைமை.

யாங்கோனில் சித்திரை, வைகாசி. தமிழகக் கரையில் ஐப்பசி முதல் மார்கழி வரை. இவையே அஞ்சத்தக்க மாதங்கள். 1964இல் அங்கே கடைகள் நாட்டுடைமையானபின் கப்பலேறி வந்து, இங்கே கீற்றுக் கொட்டகையில் வாழ்வைத் தொடங்கியவர்கள் நம்மவர். ஒரு கூரையை எழுப்ப எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதை நாம் அறிவோம். அதனைக் கட்டி வைக்க ஒரு பகற்பொழுது போதும். அங்குள்ள உறவினர்க்கும் இதனைத் தெரிவிப்பீர்களாக.