மழைநாளும் நகரத்தின் கூரையும்

திருக்கோவலூர் இடைகழிக் கதை தமிழர் அறிந்ததே. மழை கொட்டும் இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே உள்ள ஓர் இடைகழி. படுத்திருந்த பொய்கையார், பூதத்தார் வந்ததும் எழுந்து அமர்கிறார். பேயார் வந்ததும் மூவரும் நிற்கின்றனர். வைணவ மரபு இக்கதைக்குக் காணும் பொருள் வேறு. சமூக வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால், மழைக்கு ஒதுங்க வந்தவருக்குக் கூரையில் பங்கு உண்டு என்ற வழக்கத்தின் பதிவாகவும் இதனைப் படிக்கலாம்.

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் மழைநாளைக் கழிக்க உள்ளரங்குகளுக்குக் குறைவில்லை. குருசதய் சாலையில் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் மாதிரி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கும் குழந்தைகள் வெளியே பெய்யும் மழையை மறந்துவிடுகின்றனர். 1993 முதல் சீமா ஓவியக்கூடம் இயங்குகிறது. கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிறுவனத்தின் நூலகமும் மொழி வகுப்புகளும் உள்ளன. சற்றுத் தள்ளி, சையத் அமீர் அலி நிழற்சாலையில், 2013இல் திறக்கப்பட்ட பெரும் வணிக வளாகம் நிற்கிறது.

இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்று 'ரோயாக்'. பழைய வங்காள வீடுகளின் தெருப்பக்க மேடை அது. ஏறத்தாழ நம் திண்ணை. தூண்வரிசை கொண்ட முகப்பைக் குறிக்கும் 'ரிவாக்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்த பெயர். மேலே மாடம் நீண்டிருந்தால் மழைக்கு அதுவே குடை. 'அட்டா' எனப்படும் நீண்ட உரையாடல் செழித்த இடங்களுள் இதுவும் ஒன்று. அட்டாவின் வரலாற்றைத் தீபேஷ் சக்ரவர்த்தி 2000இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அடுக்குமாடிகள் எழுந்தபோது தமிழகத்தில் திண்ணைக்கு நேர்ந்ததே இங்கு ரோயாக்குக்கும் நேர்ந்தது.

இந்த மாற்றத்தைச் சொற்களும் காட்டுகின்றன. திண்ணையில் ஒதுங்குபவர் வழிப்போக்கர். அருங்காட்சியகத்துக்குள் வருபவர் பார்வையாளர். வணிக வளாகத்துக்குள் வருபவர் வாடிக்கையாளர். முதல் பெயருக்கு நனைந்திருப்பதே போதும். மற்ற இரண்டுக்கும் நுழைவுச்சீட்டோ வாங்கும் தோரணையோ வேண்டும். உடைகூடத் தடையாகலாம். வேட்டி கட்டி வந்தவர் நகரின் வணிக வளாகம் ஒன்றில் தடுக்கப்பட்டதாக 2017இல் புகார் எழுந்தது. வளாகத்தினர் அதை மறுத்தனர். தமிழகமோ இத்தகைய தடையை நீக்க 2014இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இது வெறும் பழமை ஏக்கம் அன்று. 2025 செப்டம்பர் 23ஆம் நாள் கொல்கத்தாவில் ஒரே நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாலிகஞ்ச் உள்ளிட்ட தென்பகுதி நீரில் மூழ்கியது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் பலர் உயிரிழந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள். அத்தகைய பேரிடருக்கு வடிகாலும் மின்பாதுகாப்புமே தீர்வு. திறந்த கதவு ஈடாகாது. ஆனால், மழையை வேடிக்கை பார்ப்பவரும் மழையில் நிற்பவரும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனர் என்பதை அந்த நாள் காட்டியது. சாதாரண ஆடி மழையிலும் கரியாஹாட் நடைபாதை வியாபாரிக்குத் தார்ப்பாயே கூரை. அதே நேரத்தில் அருகிலுள்ள வீட்டில் கிச்சுரியும் பொரித்த இலிஷ் மீனும் மணக்கின்றன.

அருங்காட்சியகங்களுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, ஈரக் கூட்டம் காட்சிப் பொருள்களைக் கெடுக்கும் என்ற வாதம் நியாயமானது. ஆயினும் காட்சிக்கூடங்கள் வேறு, முன்கூடம் வேறு. முன்கூடத்தையும் சில இருக்கைகளையும் குடிநீரையும் மழை வேளையில் சீட்டின்றித் திறந்துவைப்பது பெருஞ்செலவன்று. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூலைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. எதையும் வாங்காமல் ஒருவர் பகல் முழுதும் அங்கு அமர்ந்திருக்கலாம். வாடிக்கையாளர் ஆகாமலே ஒரு கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதற்கு அது நடைமுறைச் சான்று.

குருசதய் சாலை அருங்காட்சியகத்தின் வரலாறே இதற்குத் துணை நிற்கிறது. அது பிர்லா குடும்பத்தின் இல்லமாக இருந்த இடம். கன்ஷியாம் தாஸ் பிர்லா அதனை நாட்டுக்கு அளித்தார். 1959 மே 2 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் மாளிகையே பொதுமக்களுக்குத் திறந்துகொண்ட இடத்தில், அடுத்து எடுக்கவேண்டிய அடி மிகச் சிறியது. மழை வலுக்கும்போது வாசலில் நனைந்து நிற்பவரைச் சீட்டு கேட்காமல் உள்ளே வரச்சொல்லலாம். திருக்கோவலூர் இடைகழியைவிட அந்த முன்கூடம் பெரியது.